இருண்ட கோப்புகளை அழித்துவிடாதீர்!

வானத்தைப் படம் பிடிக்கும் ஆர்வம் நம் மாணவரிடையே ஆண்டுக்காண்டு பெருகி வருகின்றது. ஒரு தலைமுறைக்கு முன் கமரா என்பது கலியாண வீட்டுக்கு வந்துபோகும் படப்பிடிப்பாளரின் உடைமை. இன்றோ, கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் மாமா ஒருவர் தாம் உபயோகித்த டி.எஸ்.எல்.ஆர். கமராவை மருமகன் கையிற் கொடுத்துவிட்டுப் போகின்றார். பிள்ளை முதலிற் பூவைப் படம் பிடிக்கின்றான். பிறகு வீட்டுப் பூனையைப் பிடிக்கின்றான். ஒருநாள் இரவில் அண்ணாந்து பார்க்கின்றான். அன்றோடு வீட்டாரின் நித்திரை போய்விடுகிறது.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து அன்னையார் ஒருவர் நமக்கு எழுதியிருந்தார். 2025 செப்டெம்பர் 7ஆம் நாள் பூரணை இரவிலே முழுச் சந்திர கிரகணம் நிகழ்ந்ததை வாசகர்கள் அறிவர். இரவு 11 மணி தொடக்கம் நள்ளிரவு கடந்து 12 மணி 22 நிமிடம் வரை சந்திரன் பூமியின் நிழலுள் முற்றாக மூழ்கியிருந்தது. கிரகண வேளையில் வெளியே நிற்கலாகாதென்று பாட்டியார் தடுத்தும் கேளாமல், இவ்வம்மையாரின் மகன் முற்றத்தில் முக்காலியை நாட்டி, முகில் விலகிய பொழுதெல்லாம் படம் பிடித்தானாம். மறுநாட் காலை கணினியில் இட்டுப் பார்த்தபோது ஒரு பகுதி திறக்கவே இல்லை. திறந்தவற்றுட் பல வெறுங் கருமை. கடைசியாக எடுத்த சிலவற்றில் மேற்பாதி படமாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் இருந்தன. “எல்லாம் பழுதாகிவிட்டன என்று சொல்லி அழுகின்றான். அடுத்த வாரம் என் தங்கையின் மகளுக்குக் கலியாணம். கமரா வேண்டும். மெமரி காட்டை அழித்துவிடச் சொல்லலாமா?” என்பது அம்மையாரின் வினா.

அழிக்க வேண்டாமென்று அன்றே மறுமொழி விடுத்தோம். கலியாணத்துக்கு வேறொரு காட் வாங்கலாம்; அதனைக் கடையில் விற்கிறார்கள். அந்த இரவை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

இம்மாதிரிக் கடிதங்கள் நமக்குப் பல வருவதனால், வான்படக் கோப்புகள் எவ்வெவ்விடத்தில் இடறுகின்றன என்பதைச் சற்று விரிவாகவே எழுதத் துணிந்தோம். நாம் கண்ட வரையில், பழுதென்று நமக்குக் காட்டப்படுங் கோப்புகளிற் பெரும்பாலானவை பழுதடைந்தவையல்ல. அழகாயிருக்கின்றன என்று பத்திரப்படுத்தப்படும் கோப்புகள் சிலவோ, தாம் பிடித்த ஒளியிற் பாதியை இழந்தவை. இதுவே இத்துறையின் விசித்திரம்.

முதலிற் கோப்பின் வகையை அறிதல் வேண்டும். டி.எஸ்.எல்.ஆர். கமரா இரு வகையாகப் படத்தைச் சேமிக்க வல்லது. ஒன்று ஜேபெக் கோப்பு. மற்றொன்று ‘றோ’ எனப்படும் மூலக்கோப்பு. ஜேபெக் என்பது கமரா தானே சமைத்து, உப்புப் புளியிட்டு, இலையிற் பரிமாறித் தருஞ் சோறு. மூலக்கோப்பு மூட்டையிலுள்ள அரிசி. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 ஒளிப்படிகளே உண்டு. 14 பிட் மூலக்கோப்பில் 16,384 படிகள் உண்டு. பகலில் எடுக்குங் குடும்பப் படத்துக்கு 256 படிகள் தாராளம். ஆனால் ஒரு மங்கலான நெபுலாவின் ஒளி முழுவதும் இருளுக்கு மேலே மிகச் சொற்பமான படிகளுக்குள் அடங்கிக் கிடக்கும். அதனை 256 படிக்குள் நெருக்கினால், வானமும் நெபுலாவும் ஒரே படியில் வந்து சேர்ந்துவிடுகின்றன. பின்னர் எத்துணை வெளிச்சம் கூட்டினாலும் அவற்றைப் பிரிக்க முடியாது.

இவ்வுண்மையை நமக்கு அண்மையிலேயே கண்கூடாகக் காட்டுகின்ற இடம் ஒன்றுண்டு. தமிழ்நாட்டின் கோடைக்கானல் மலையில் 1899இல் நிறுவப்பட்ட வானாய்வகத்தில், 1904 முதலாக, வானம் இடங்கொடுத்த நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வந்தனர். கண்ணாடித் தட்டும் படலமுமாக நூறாண்டுச் சூரியன் அங்கே அடுக்கப்பட்டிருக்கிறது. கல்சிய ஒளியில் எடுத்த அப்படங்களைக் கணினிக்கு ஏற்ற எண்ணுருவாக முதன்முறை மாற்றியபோது 8 பிட் அளவிலேயே, அதாவது 256 படிகளுடனேயே, மாற்றினர். தட்டில் இருந்த நுணுக்கம் அப்படிகளுக்குள் அடங்கவில்லை. ஆகவே பிற்காலத்தில் 16 பிட் அளவில், 65,536 படிகளுடன், பக்கத்துக்கு 4,096 புள்ளிகள் என்ற நுட்பத்தில், மறுபடியும் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு முறை எண்ணுருவாக்கிவிட்டோமே, இனிக் கண்ணாடித் தட்டு எதற்கு என்று எவரும் எறிந்துவிடாமையாலன்றோ அது கைகூடிற்று! வீட்டில் ஜேபெக்கை மட்டும் வைத்துக்கொண்டு மூலக்கோப்பை அழிப்பவர், முதற் பிரதியை நம்பித் தட்டை உடைப்பவருக்கு ஒப்பாவார்.

இனி, திறக்காத கோப்புகளின் கதை. கெனன் கமராக்கள் நெடுங்காலம் சி.ஆர்.2 என்ற வகையில் மூலக்கோப்பை எழுதி வந்தன. 2018 முதல் புதிய மாதிரிகளில் சி.ஆர்.3 என்ற வகை புகுந்தது. நிக்கோன் கமராக்களுக்கு என்.ஈ.எப். என்ற வேறொரு வகை. கமரா புதிதாகவும் கணினியிலுள்ள மென்பொருள் பழையதாகவும் இருந்தால், கோப்பு நலமாயிருந்தும் கணினி அதனை அறியாது. “பழுதடைந்த கோப்பு” என்று கூசாமற் சொல்லிவிடும். அதனை நம்பலாகாது. கமரா நிறுவனமே இலவசமாகத் தரும் மென்பொருளாற் திறந்து பார்த்தல் வேண்டும். அல்லது அடோபி நிறுவனத்தின் இலவச மாற்றியினால் டி.என்.ஜி. என்ற பொதுவகைக்கு மாற்றிக்கொள்ளலாம். சில மாணவர் கோப்பின் பெயர் ஈற்றிலுள்ள சி.ஆர்.3 என்பதை அழித்து ஜேபெக் என்று எழுதிவிட்டு, இப்போதும் திறக்கவில்லையே என்று வருந்துகின்றனர். மாட்டுத்தொழுவத்துக்குப் பாடசாலை என்று பலகை மாட்டினால் மாடுகள் பாடம் படிக்குமா?

கறுப்பாகத் தோன்றுங் கோப்பு வேறு. இதில் மென்பொருளின் பிழைகூட இல்லை. மூலக்கோப்பு ஒளியை உள்ளவாறே எண்ணி வைத்திருக்கும். நம் கண்ணுக்கேற்றவாறு இருளை உயர்த்திக் காட்டாது. பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும் மென்பொருள் தரும் விடையும் அவ்வாறே, சாதாரணப் படங்காட்டியில் முழு இருளாகவே தெரியும். ஹிஸ்டோகிராம் என்ற ஒளிப்பரவல் வரைபைப் பார்த்தால், இடது ஓரத்தை விட்டுச் சற்று விலகி ஒரு சிறு மலை நிற்கும். அம்மலை நின்றால் படம் இருக்கின்றதென்று பொருள். வளைகோட்டை மெல்ல மெல்ல உயர்த்தினால், கன்னங்கரிய தாளில் விண்மீன்கள் ஒவ்வொன்றாக எழுந்து வருவதைக் காணலாம். மலை இடது ஓரத்தோடு ஒட்டி வெட்டுண்டு நின்றாலன்றி அக்கோப்பைக் கைவிட வேண்டியதில்லை. வலது ஓரத்தில் வெட்டுண்டு நின்றாலோ கதை வேறு. நிரம்பி வழிந்த பிக்சலை எந்த வித்தையாலும் மீட்க முடியாது. கிரகணத்தின் தொடக்கத்திற் பலர் எடுத்த வெள்ளை வெளேரென்ற சந்திரன் அத்தகையது.

நம் நாட்டில் இக்கோப்புகள் ஏன் நூற்றுக்கணக்கிற் குவிகின்றன என்பதையுஞ் சொல்ல வேண்டும். கட்டுகஸ்தோட்டை நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகைக்குச் சற்று மேலே வடக்கில் உள்ளது. ஆகவே துருவ நட்சத்திரமும் வடவானில் ஏழு பாகை உயரத்திலேதான் நிற்கும். அந்த உயரத்தை மாத்தளைப் பக்கத்து மலைகள் பல வீடுகளுக்கு மறைத்துவிடுகின்றன. வானத்தோடு சுழலும் தாங்கி வைத்திருப்பவரும் அதனைத் துருவத்துக்கு நேர்ப்படுத்த இடர்ப்படுகின்றனர். நம் மாணவரிற் பெரும்பாலோரிடம் அத்தாங்கியும் இல்லை, அசையாத முக்காலிதான். ஆகவே விண்மீன் கோடாக நீளாதபடி ஐந்தாறு விநாடிப் படங்களாக 200 படங்கள் எடுக்க வேண்டியிருக்கின்றது. கோப்பொன்று 25 மெகாபைற் என்றால் 200 கோப்புகளுக்கு 5 ஜிகாபைற். இப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல் குறையும். 16 படம் அடுக்கினால் நாலிலொன்றாகும், 64 படம் அடுக்கினால் எட்டிலொன்றாகும். மாசி பங்குனியில், மழை விட்ட இரவுகளில், ஆதிரைக்குத் தெற்கே வேட்டைக்காரனின் வாளில் தொங்கும் நெபுலாவை இவ்வாறு முக்காலியொன்றினாலேயே பிடித்தவர்கள் கண்டியில் உண்டு.

அடுக்கும்போது மென்பொருள் முரண்டு பிடித்தால் மாணவர் உடனே கோப்பைக் குறைகூறுகின்றனர். டீப் ஸ்கை ஸ்டாக்கர் போன்ற மென்பொருளுக்கு எல்லாப் படமும் ஒரே அளவினதாயிருத்தல் வேண்டும். சில கமராக்களில் மூலக்கோப்பையே சிறிது, நடுத்தரம் என்று அளவு குறைத்து எழுதும் வசதியுண்டு. இடையில் யாராவது அதனை மாற்றிவிட்டால் அடுக்கு குலையும். கமராவை நெட்டாகத் திருப்பிப் பிடித்த படமும், ஜேபெக்கும் மூலக்கோப்புமாகக் கலந்த தொகுதியும் இதே தொல்லையைத் தரும். படம் முழுவதும் சாம்பல் நிறத்திற் சதுரங்கப் பலகைபோலக் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், அது பழுதன்று. கமராவின் உணரியில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றில் ஒன்றையே காணும். பச்சைக்கு இரு பங்கு, மற்றவற்றுக்கு ஒவ்வொரு பங்கு. அவற்றைப் பிணைத்து நிறமாக்கும்படி மென்பொருளுக்குச் சொல்ல மறந்தமையே அக்கட்டங்களுக்குக் காரணம்.

சிவப்பும் நீலமுமாக மின்னும் புள்ளிகளைப் புதிய விண்மீன்கள் என்று மகிழ்ந்து எழுதுவாரும் உளர். அவை உணரியின் சூடேறிய பிக்சல்கள். அடுத்தடுத்த படங்களில் விண்மீன் நகரும், இப்புள்ளி நகராது. இவற்றை நீக்கவே வில்லையின் மூடியைப் போட்டு இருட்படம் எடுப்பது. இருட்படமும் அதே ஐ.எஸ்.ஓ., அதே நேரம், ஏறக்குறைய அதே வெப்பநிலையில் எடுக்கப்பட வேண்டும். மகாவலிப் பக்கத்தில் நள்ளிரவுக் குளிர் என்பது மறுநாள் நண்பகலில் விறாந்தையிற் கிடையாது. ஆகையால் சோம்பலை விட்டு அந்த இரவிலேயே பத்து இருபது எடுத்துவிட வேண்டும். இன்னொன்று: ஆற்று ஈரம் வில்லையிற் பனியாகப் படிந்தால் விண்மீன்கள் பஞ்சுபோல ஊதித் தோன்றும். அதனையும் கோப்பின் நோயென்று எண்ணி மென்பொருளை மாற்றி மாற்றிப் பார்ப்பவரைக் கண்டிருக்கின்றோம். மின்சூளை எடுத்து வில்லையை ஒரு முறை பார்த்திருந்தாற் போதும்.

உதவி செய்வதாக எண்ணிக் கமரா செய்யுஞ் சேட்டைகளையும் அறிந்திருத்தல் நன்று. நிக்கோனின் பழைய மாதிரிகளான டி70 முதலியவை, நீண்ட நேரப் படங்களில் இரைச்சற் புள்ளிகளை நீக்குவதாகச் சொல்லிச் சிறு விண்மீன்களையும் சேர்த்து விழுங்கி வந்தன. அதுவும் மூலக்கோப்பிலேயே! பிரெஞ்சு வானியல் ஆர்வலர் கிறிஸ்தியன் பூயி என்பவர் இதனைச் சோதித்து வெளிப்படுத்தினார். வீட்டு வானியலாருள் இதற்கு ‘விண்மீன் தின்னி’ என்ற பெயரே வழங்குகிறது. இப்போது நம் பிள்ளைகளிடம் உள்ள பெரிய விண்மீன் தின்னி வேறு. அதன் பெயர் வட்ஸ்அப். படமாக அனுப்பினால் அது கோப்பைச் சுருக்கி, மங்கிய விண்மீன்களை இரைச்சலென்று துடைத்துவிட்டே அனுப்பும். ரொறன்ரோவிலுள்ள மாமாவுக்கு அனுப்பியபோது ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று அவர் சொன்னால், அவர் கண்ணிற் குறையில்லை. ஆவணம் என்ற வழியாக அனுப்பினால் கோப்பு உள்ளபடியே போய்ச் சேரும்.

உண்மையாகவே பழுதுபட்ட கோப்புகளும் உண்டு. பாதி படமும் பாதி சாம்பலுமாக இருப்பவை அவ்வகை. கமரா காட்டில் எழுதிக்கொண்டிருக்கையிற் பற்றரி இறந்தாலும், சிவப்பு விளக்கு அணையுமுன் காட்டை உருவினாலும் எழுத்து நடுவில் அறுந்துவிடுகிறது. அக்கோப்பின் பருமன் பக்கத்துக் கோப்பினதிலும் குறைவாயிருப்பதைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். நீண்ட நேர இரைச்சல் நீக்கும் வசதி இயங்கினால், 60 விநாடிப் படத்துக்குப் பின் மேலும் 60 விநாடி கமரா ஊமையாக நிற்கும். தானே இருட்படம் எடுக்கின்றது. இது தெரியாமல், கமரா மரத்துப்போயிற்று என்று பற்றரியைக் கழற்றியவர் பலர். ஆனால் அறுந்த மூலக்கோப்பிலும் முன்பகுதியில் ஒரு சிறு ஜேபெக் பிரதி பெரும்பாலும் அடங்கியிருக்கும். அதனைப் பிரித்தெடுக்க மென்பொருள்கள் உள்ளன.

காட்டே வாசிக்கப்படவில்லை என்றால், முதலில் வேறொரு வாசிப்பானில் இட்டுப் பாருங்கள். குற்றம் பலவேளை ஐந்நூறு ரூபா வாசிப்பானின் தொடுமுனையில் இருக்கும். தவறுதலாகப் போர்மற் செய்துவிட்டாலும் மனந்தளர வேண்டாம். போர்மற் என்பது பெரும்பாலும் புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது. பக்கங்கள் உள்ளேயே இருக்கும். அதன்மேல் ஒரு படமேனும் எடுக்காமல் காட்டை வெளியே எடுத்து வைத்து, போட்டோறெக் என்ற இலவச மென்பொருளால் தேடினால் கோப்புகள் மீளும். மீட்டவற்றை அதே காட்டில் எழுதலாகாது. வேறு வட்டில் எழுத வேண்டும். நடைபாதையில் மலிவாகக் கிடைக்குங் காட்டைப் பற்றி ஒரு சொல்: 128 ஜிகாபைற் என்று அச்சிட்ட சிலவற்றில் உள்ளே இருப்பது 8 அல்லது 16. அந்த எல்லைக்குப்பின் எழுதியவை எங்கும் இல்லை. எந்த மென்பொருளும் அவற்றை மீட்காது. இதுதான் மெய்யான இழப்பு.

பழுதென்று கண்டபோதும் பொறுத்திருக்க வேண்டும் என்பதற்கு வானியல் வரலாற்றில் ஒரு பெரிய சாட்சி உண்டு. 1919 மே 29ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின்போது, சூரியனருகே விண்மீனொளி வளைகின்றதா என்று பார்க்க ஆங்கிலேயர் இரு குழுக்களை அனுப்பினர். எடிங்டன் ஆபிரிக்கக் கரையோரப் பிரின்சிப்பே தீவுக்குப் போனார். (பிற்காலத்தில் நம் சந்திரசேகருடன் பிணங்கியவர் இவரே.) கிரொம்லினும் டேவிட்சனும் பிரேசிலிலுள்ள சொப்ரால் என்ற ஊருக்குப் போயினர். ஐன்ஸ்டைன் கணித்த வளைவு 1.75 விகலை, ஒரு விகலையாவது பாகையின் 3,600இல் ஒரு பங்கு. நியூற்றன் வழியில் அதன் பாதி. சொப்ராலில் இருந்த பெரிய கருவியின் தட்டுகளில் விண்மீன்கள் குவியம் தவறிப் பரந்துபோயிருந்தன; சூரிய வெப்பத்தாற் கண்ணாடி உருமாறியிருக்கலாமென்று கருதினர். அவற்றிலிருந்து 0.93 என்ற விடையே வந்தது. நான்கு அங்குலச் சிறு கருவியின் தெளிந்த தட்டுகள் 1.98 என்றன. தெளிந்தவற்றை ஏற்று, பரந்தவற்றை ஒதுக்கினர். ஒதுக்கினரேயன்றி எறியவில்லை. 60 ஆண்டு சென்று, 1979இல், கிரீனிச் வானாய்வகத்தார் அதே ‘பழுதான’ தட்டுகளைப் புதிய அளவைப் பொறியிலிட்டு அளந்தபோது விடை 1.55 ஆயிற்று, சிறு கருவியின் தட்டுகளுக்கு 1.90. அளவைப் பிழைக்குள் இரண்டும் ஐன்ஸ்டைனுக்கே இணங்கின. 1919இற் கண்ணால் அளக்க முடியாதிருந்தது தட்டில் அன்றும் இருந்தது.

கட்டுகஸ்தோட்டைக் கோப்புகளையும் வருவித்துப் பார்த்தோம். திறக்காதவை யாவும் சி.ஆர்.3 கோப்புகள், அவ்வீட்டுப் பழைய கணினி அவற்றை அறியவில்லை. கறுத்தவற்றை உயர்த்தியபோது செம்பு நிறச் சந்திரனும் அதனைச் சூழ்ந்து கும்பராசியின் மங்கிய விண்மீன்களும் வெளிவந்தன. பூரண நிலவன்று அவ்விண்மீன்களை நிலவருகே காண்பது கிரகணத்தில் மட்டுமே இயலும் என்பதைச் சிந்தித்தால் அப்படத்தின் அருமை விளங்கும். கடைசியிற் பற்றரி தளர்ந்தபோது எடுத்தவைதாம் மெய்யாகவே அறுந்தவை. அவற்றிலும் சிலவற்றின் சிறு பிரதி கிட்டியது. பாட்டியார் அப்படத்தைப் பார்த்துவிட்டு, ‘இது ராகுவா, கேதுவா?’ என்று கேட்டாராம்.

வழக்கங்கள் சிலவற்றைக் கைக்கொண்டால் இத்தொல்லைகளிற் பாதி வாரா. ஒவ்வோர் இரவுக்கும் 2025-09-07 என்றவாறு தனிக் கோப்புறை வையுங்கள். கமராவின் எண் 9999 வந்ததும் மீண்டும் 0001 ஆகும். இரு இரவுகளின் படத்துக்கு ஒரே பெயர் நேர்ந்து, ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டு அழிந்த கதைகள் பல. கமராவின் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டுத் தொடங்குங்கள். காட்டைக் கணினியிற் போர்மற் செய்யாமற் கமராவிலேயே செய்யுங்கள். அதுவும் இரண்டு இடங்களிற் பிரதி எடுத்துத் திறந்து பார்த்தபின். கலியாணத்துக்கு ஒரு காட்டும் வானத்துக்கு ஒரு காட்டும் வேறு வேறாக இருக்கட்டும். வான்காட்டின் உறைமேல் அம்மாவின் கையாலேயே ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள்; அதை வீட்டில் எவரும் மீறார்.

நம் வானில் அடுத்துக் காணக்கூடிய முழுச் சந்திர கிரகணம் 2028 டிசெம்பர் 31ஆம் நாள் இரவு. கிரகண நடு ஏறக்குறைய 10 மணி 23 நிமிடம். முழு மறைப்பு ஒரு மணிக்கு மேல் நீடிக்கும். வாடைக்கால முகில் வழிவிடுமானால், புத்தாண்டு வெடி தொடங்குமுன் போதிய படம் எடுத்துவிடலாம். பற்றரி இரண்டு வைத்திருங்கள்.